மைனர் மூக்கைப் பதித்த பிறகு

இலந்தைமுனை ஒரு புதன்கிழமை முற்பகல் பதினொன்றரை மணிக்குச் சரிந்தது. பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. சங்கக்கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த மனேச்சரின் தராசு வடக்குப் பக்கமாக ஒருதரம் தலையை ஆட்டியது. வாசிகசாலையில் கரம் போர்டில் கிடந்த சிவப்புக் காய் ஒருவரும் தட்டாமலே வடக்கு மூலைக் குழிக்குள் போய் விழ, அதை அடித்தது தான்தான் என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்தார்கள். பிள்ளையார் கோயிலில் ஐயர் கீழே வைத்த தீபத்தட்டு மெல்ல ஊர்ந்து கடலைப் பார்த்துப் புறப்பட, "எங்க வெளிக்கிட்டிட்டாய், இன்னும் பூசை முடியேல்லை" என்று அவர் அதை எட்டிப் பிடித்து வந்து திரும்பவும் காட்டினார். அவ்வளவுதான். பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கோப்பையில் குழம்பு ஒருபக்கமாய் ஒதுங்கி நின்றதைக் கண்ட சனம் கோப்பையைத் திருப்பி வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தது.

அதே நிமிடத்தில் ஊரின் நடுவில், மெக்கானிக் தோத்திரத்தின் கராஜில், அரசி என்கிற மங்கையற்கரசியின் மொறிஸ் மைனர் கார் ஜாக்கியிலிருந்து இறங்கி நான்கு சில்லிலும் நின்றது. அதன் மூக்கு இரண்டு அங்குலம் பதிந்திருந்தது.

இலந்தைமுனைக்கு ஒரே ஒரு தெருதான். வடக்கே கடலில் தொடங்கித் தெற்கே வயலில் முடிகிற ஒரு மைல் தெரு. தோசைக்கல்லுப் போன்ற நிலம். பெய்த மழை எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் விழுந்த இடத்திலேயே நின்று யோசித்து யோசித்துக் காய்ந்துபோகும். வயல் முனையில் அரசியின் வீடு. கடல் முனையில் அவளுடைய ஒரே தங்கச்சி அம்பிகையின் வீடு. அரசிக்கு ஐம்பத்து நாலு வயது. புருசன் விட்டுப்போன பச்சை நிற மைனரைத் தானே ஓட்டி, கலியாணம், சாமத்தியவீடு, ஆசுபத்திரி என்று வாடகை ஹயருக்குப் போய்வருகிறவள். வாரத்தில் மூன்று தரமாவது தங்கச்சி வீட்டு வாசலில் மைனர் நிற்கும். அரசி படியேறுவதற்கு முன்னமே அம்பிகை புளிப்பும் சீனியுமாய்த் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக்கொண்டு வந்து நீட்டுவாள். "கடற்கரைச் சனத்தின்ர உபசாரம் வேற ஒருதருக்கும் வராது, வெறுந்தண்ணி தரமாட்டினம்" என்று அரசி வயல்பக்கத்தில் போகிற வீடெல்லாம் பீற்றிக்கொள்வாள். அவளுக்கு இன்னொரு குணமும் இருந்தது. இருந்த இடத்தில் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. ஆசுபத்திரி வாங்கில் குந்தினால் பக்கத்துக் கிழவியின் முந்தானைக் கிழிசலைத் தைத்துக் கொடுப்பாள். செத்தவீட்டுக்குப் போனால் அழுதுகொண்டே வெங்காயம் உரிப்பாள்.

மூக்கைப் பதிக்கச் சொன்னது அம்பிகையின் மகன் துவாரகன். கலியாணம் கட்ட ரொறன்ரோவிலிருந்து வந்தவன். அங்கே பதினாலு வருசம் இருந்து, தமிழைப் பல்லில் படாமல் கதைக்கப் பழகியிருந்தான். "பெரியம்மா, கார் சூப்பர். பட், முன்னுக்குக் கொஞ்சம் லோ பண்ணினா சும்மா பாயப் போற சிங்கம் மாதிரி நிக்கும். வீடியோவில பாக்கேக்க வேற லெவல்." பெரியம்மாவுக்குச் சிங்கமும் தெரியாது, லெவலும் தெரியாது. மாப்பிள்ளை கேட்டால் செய்யத்தானே வேணும்.

மைனரின் முன்சில்லு இரண்டையும் தாங்குவது சுருள்வில் அல்ல; காரின் வயிற்றுக்குக் கீழே நீட்டுக்குக் கிடக்கிற இரண்டு முறுக்குக் கம்பிகள். கம்பியின் முனையைச் சுற்றிப் பொடிப் பொடியாகப் பல்லு வெட்டியிருக்கும். பிடியைக் கழற்றி ஒரு பல்லுத் தள்ளிப் பூட்டினால் மூக்குப் பதியும், மற்றப் பக்கம் தள்ளினால் நிமிரும். தோத்திரம் இதை எத்தனையோ தரம் செய்தவர். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம். காரில் கை வைக்கிறதுக்கு முன்னம் ஒரு தென்னை ஈர்க்கை நிலத்தில் ஊன்றி, முன்சில்லுக்கு மேலே மட்காட் விளிம்பு மட்டும் அளந்து, இரண்டு நுனியையும் கத்தியால் சரிவாக வெட்டி, கராஜின் ஓலைக் கூரையில் செருகி வைப்பார். "போன வழியால திரும்பி வர ஒரு அடையாளம் வேணும் பிள்ளை," என்பார் மூக்குப்பொடிக் குரலில். "அளவில்லாமல் கை வைக்கிறவன் மெக்கானிக் இல்லை, இறைச்சிக்கடைக்காரன்." அப்படி நாற்பத்தொரு வாகனத்தின் ஈர்க்கு அந்தக் கூரையில் இருந்தது. அன்றைக்கு மைனரின் ஈர்க்கையும் வெட்டிச் செருகிவிட்டுக் காருக்குக் கீழே போனார். நாற்பத்திரண்டு.

அவர் கீழே கிடந்த மூன்று மணித்தியாலமும் அரசி என்ன செய்வாள்? சுற்றிப் பார்த்தாள். முற்றம் முழுக்கக் குப்பை. ஒரு விளக்குமாறு இல்லை. வேலியோரம் இரண்டு தென்னோலை விழுந்து கிடந்தது. குந்தியிருந்து ஈர்க்குக் கிழிக்கத் தொடங்கினாள். ஒரு விளக்குமாற்றுக்குப் போதவில்லை. அண்ணாந்தாள். கூரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஈர்க்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. 'கூரை உக்கிப்போச்சு, பாவம் மனிசன்' என்று ஒவ்வொன்றாக உருவினாள். கட்டையானவற்றை நடுவயிற்றில் வைத்து, நீளமானவற்றைச் சுற்றி அடுக்கி, தேங்காய்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். நல்ல தடித்த விளக்குமாறு. தோத்திரத்தின் முற்றத்தைக் கூட்டி முடித்துவிட்டு, கலியாணவீட்டுக்கும் ஒன்று வேணுமே என்று அதைக் கார் டிக்கிக்குள் போட்டுக்கொண்டு போய் அம்பிகையிடம் கொடுத்துவிட்டாள்.

கலியாணம் நடந்தது. மைனர் சிங்கமாய் நின்றது. துவாரகன் புதுப்பெண்ணோடு விமானம் ஏறினான்.

ஊர் சரிவுக்குள் குடியேறிக்கொண்டது. தச்சர் வீடு வீடாகப் போய் மேசைக்காலில் இரண்டை அறுத்தார். தண்ணீர்ப்பானைக்குக் கீழே எல்லோரும் ஒருபக்கம் ஓட்டுத்துண்டு வைத்தார்கள். பெடியள் கிரிக்கெட் விளையாடும்போது தெற்கு முனையிலிருந்து பந்து போடுகிறவன் எல்லாம் திடீரென்று வேகப்பந்து வீச்சாளன் ஆனான். வயல்பக்கத்தில் சைக்கிளில் ஏறிக் குந்தினால் மிதிக்காமலே கடல் வந்துவிடும். கடல்பக்கத்தில் இருந்து பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகள் சைக்கிளை உருட்டி, மூச்சிரைத்து, பிந்தி வந்து வெளியில் நின்றார்கள். கிராம சேவையாளர் படிவத்தோடு வந்து, "சரிவு எண்டு ஒரு கட்டம் இதில இல்லையே. வெள்ளம் இருக்கு, வறட்சி இருக்கு, காட்டு யானை இருக்கு," என்று பேனையைக் கடித்து, கடைசியில் காட்டு யானைக்கு எதிரே சரி அடையாளம் போட்டுக்கொண்டு போனார்.

கிணறுகளின் கதைதான் வேறு. அந்த நிலத்துக்குக் கீழே நல்ல தண்ணீர் மேலாகவும் உப்புத் தண்ணீர் அடியிலுமாகக் கிடப்பது. நிலம் சரிய, கனம் கூடிய உப்பு பள்ளம் பார்த்து வடக்கே இறங்கிவிட்டது. வயல்பக்கத்துக் கிணறெல்லாம் இளநீர் ஆயிற்று. கடல்பக்கத்துக் கிணறெல்லாம் கடல் ஆயிற்று. அம்பிகையின் வெங்காயத் தறையில் பயிர் நுனி கருகி, பிறகு நடு கருகி, பிறகு வெள்ளை பூத்தது. சோறு வேகவில்லை. சவர்க்காரம் நுரைக்கவில்லை. தண்ணீர்ப் பவுசர் லொறி வந்து கடற்கரைச் சந்தியில் நின்றது. "வாங்கோ வாங்கோ, ஆளுக்கு ரெண்டு வாளி, தள்ளுப்படாதேங்கோ, அக்கா உங்களைத்தான், மூண்டாவது வாளியைச் சீலைக்குப் பின்னால ஒளிக்காதேங்கோ!" என்று சாரதி ஒரு கையால் குழாயைப் பிடித்தபடி கத்துவான்.

இதற்கெல்லாம் மைனர்தான் காரணம் என்பது கண்டுபிடிக்கப்பட்டதல்ல, தெரியவந்தது. ஒருநாள் இரண்டு தவில்காரர், தவிலும் தாங்களுமாக முன்சீற்றில் நெருக்கி ஏற, மைனர் இன்னும் பதிய, ஊர் முழுக்க வளவுகளில் பனங்காய்கள் எழுந்து வடக்கே உருண்டன. கார் பள்ளத்தில் விழுந்தால் அலுமாரிக் கதவுகள் திறந்தன. ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. "ஓ, மைனரோ," என்றார்கள், "அதுதானே பாத்தன்." கடல்பக்கத்து மீன்பிடிகாரர் எட்டுப் பேர் அடுத்தநாள் விடியக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவந்து, அரசியின் வாசலில் நின்ற காரின் பம்பரைப் பிடித்து இரண்டு அங்குலம் தூக்கினார்கள். ஊர் நிமிர்ந்தது. கீழே கிணறுகளில் உப்பு இறங்கி நல்ல தண்ணீர் எட்டிப் பார்த்தது. பெண்கள் ஓடி ஓடி அள்ளினார்கள். கை சோர்ந்து விட்டபோது ஊர் பழையபடி சரிந்தது.

அன்று பின்னேரம் கோயில் மண்டபத்தில் கூட்டம். இளைப்பாறிய அதிபரும் கோயில் தலைவருமான குமாரசூரியர், எல்லோருக்கும் சூரியர் மாஸ்ரர், ஒலிவாங்கியை இரண்டு தட்டுத் தட்டி, ஊதி, தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்த ஊர்மக்களே. சரிவு என்பது நாம் கேட்டு வந்ததன்று. வந்தபின் அதனை ஒழுங்குபடுத்துவதே அறிவுடைமை. மேலூர்க் கிணறுகள் இன்று நல்ல நிலையில் உள. அவற்றைக் கெடுத்துக்கொள்ளல் ஆகாது. ஆகவே, காலை ஆறு மணி தொடக்கம் எட்டு மணி வரை, கீழூர் மக்கள் காரைத் தூக்கலாம்."

மேலூர், கீழூர். நாலு கிழமைக்கு முன்னம் அந்த நிலத்தில் இல்லாத இரண்டு பெயர். அரசி கடைசி வரிசையில் இருந்து கேட்டாள். ஒருவரும் 'ஆர் மேலூர்' என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் அது எப்போதும் தெரிந்த மாதிரி இருந்தது.

"மாஸ்ரர், ஜாக்கி வைக்கலாம்தானே?" என்றான் ஒரு மீன்பிடிகாரன். "ஏன் கை முறியத் தூக்குவான்?"

"கூடாது. ஜாக்கி வைத்தால் எடுக்க மறப்பீர்கள். கையெனில் நோகும். நொந்தால் விடுவீர்கள்."

மண்டபம் அதை நியாயம் என்று தலையாட்டியது.

அன்றிலிருந்து விடியப்புறம் ஆறு மணிக்கு எட்டுப் பேர் வருவார்கள், தவணை போட்டு, சாமி தூக்குகிற மாதிரி. அரசி தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். ஆறரைக்குத் தோள் நடுங்கும், ஏழுக்கு வேர்வை மண்ணில் சொட்டும், ஏழரைக்கு ஒருவன் கெட்ட வார்த்தையில் தொடங்கி எல்லோரும் அதையே தாளமாக்கிச் சொல்லித் தூக்குவார்கள். எட்டடிக்கச் சூரியர் மாஸ்ரர் கேற்றடியில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டுவார். மைனர் 'தொப்' என்று இருக்கும்.

அரசி தோத்திரத்திடம் போனாள். "அண்ணை, பழையபடி ஏத்திவிடுங்கோ. கலியாணம் முடிஞ்சுதுதானே."

"ஏத்தலாம், ரெண்டு பல்லு வேலை. பொறு, ஈர்க்கை எடுக்கிறன்," என்று தோத்திரம் அண்ணாந்தார். கூரையை ஒருமுறை சுற்றி வந்தார். ஏணி வைத்து ஏறி ஓலைக்குள் கையை விட்டுத் தடவினார். இறங்கி வந்தபோது அவர் முகம் ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது. "காணேல்லை பிள்ளை. ஒண்டும் காணேல்லை. நாப்பத்திரண்டும்."

அரசிக்கு அந்த நொடியில் கையில் கயிற்றின் சொரசொரப்புத் திரும்பி வந்தது.

"அணில் கொண்டு போயிருக்கும்," என்றாள்.

"அளவில்லாமல் நான் கை வைக்கமாட்டன். நாளைக்கு மற்றப் பக்கம் சரிஞ்சால்? அப்ப மேலூரார் என்ர கழுத்தைப் பிடிப்பினம்." தோத்திரம் வாங்கில் இருந்தார். "முப்பத்தாறு வருசம். ஒரு ஈர்க்குத் துலையேல்லை. எனக்கு வயசு போய் அறளை பேந்திட்டுது போல."

'அண்ணை, நான்தான்' என்று சொல்ல நினைத்தாள். சொல்லாமல் எழும்பினாள். வீட்டுக்குப் போய்க் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்தாள். இளநீர். அவள் கத்தரிக்காய் கை மொத்தத்தில் காய்த்தது. தலைமயிர் பட்டாயிற்று. அயலட்டையில் "அரசியின்ர கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி குடிச்சால் நாக்கு அங்கேயே நிக்கும்" என்று பேர். ஊர் தோத்திரத்தை 'ஈர்க்குத் துலைச்சவன்' என்று கூப்பிடத் தொடங்கி, பிறகு சுருக்கி 'ஈர்க்கு' என்றே கூப்பிட்டது. அவர் கராஜைப் பாதிநாள் பூட்டி வைத்தார். அரசி சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம் என்று எழும்புவாள், எட்டு மணிக்கு மைனர் 'தொப்' என்று இருக்கும், நாளைக்குச் சொல்லலாம் என்று படுப்பாள்.

ஐந்தாம் கிழமை ஒரு செவ்வாய், எட்டுப் பேரில் ஒருவனுக்குக் காய்ச்சல். எட்டாவது ஆளாக அம்பிகை வந்தாள். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பாராமல், பம்பரின் இடது ஓரத்தைப் பிடித்தாள்.

"நீ விடடி, நான் பிடிக்கிறன்," என்றாள் அரசி.

"இது கீழூர்த் தவணை அக்கா. மேலூராள் கை வைச்சால் மாஸ்ரர் பேர் எழுதுவார்."

இரண்டு மணித்தியாலம் நின்றாள். எட்டு மணிக்குக் கையை எடுத்தபோது நிக்கல் பூச்சின் விளிம்பு உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கோடு கீறியிருந்தது. அன்று பின்னேரம் ஒரு உரப்பையோடு திரும்பி வந்தாள். பையிலிருந்து சுளகு, இட்லிச்சட்டி, ஒரு பாக்குவெட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் வைத்தாள்.

"உன்ர சாமான். இரவல் வாங்கினதெல்லாம் குடுத்து முடிக்கிறன். துவாரகன் ரொறன்ரோவுக்கு ரிக்கற் போட்டிட்டான். பத்தாம் திகதி."

"எவ்வளவு நாளைக்கு?"

"உப்புக் கிணத்துக்கு ஆர் திரும்பி வருவினம் அக்கா?" கடைசியாகப் பையின் அடியிலிருந்து அதை எடுத்தாள். "இதுவும் உன்ரதான். நல்ல விளக்குமாறு. முற்றத்தில உப்புப் பூத்துக் கிடக்கு, இனிக் கூட்டி என்ன."

விளக்குமாற்றின் ஓரத்து ஈர்க்குகள் தேய்ந்திருந்தன. நடுவயிற்றில் இருந்த கட்டை ஈர்க்குகள் நிலத்தில் படாமல் அப்படியே இருந்தன, இரண்டு நுனியும் சரிவாக வெட்டியபடி. அம்பிகை தேத்தண்ணி குடிக்காமல் இறங்கிப் போனாள். சரிவில் போகிறவர்களின் நடை வழக்கத்தைவிட வேகமாகத்தான் இருக்கும். ஆனாலும் அரசிக்கு அவள் ஓடுவது போலத் தெரிந்தது.

அடுத்தநாள் காலை ஆறு மணிக்கு, எட்டுப் பேர் குனிந்து பம்பரில் கை வைக்கும்போது, அரசி விளக்குமாற்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்து, "தோத்திரம் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாள். அவர் வந்தார். மாஸ்ரரும் வந்தார். கேற்றடியில் சனம் கூடிவிட்டது. "அண்ணை, நீங்கள் துலைக்கேல்லை. நான் உருவிப்போட்டு விளக்குமாறு கட்டினனான். தெரியாமல்தான் கட்டினன். தெரிஞ்ச பிறகு சொல்லேல்லை. என்ர தண்ணி இனிச்சுது. அதுதான் சொல்லேல்லை."

தோத்திரம் விளக்குமாற்றை வாங்கினார். கயிற்றை அவிழ்த்தார். நடு ஈர்க்குகளைத் தனியாகப் பொறுக்கினார். அவர் அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தார்கள், எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாப்பத்திரண்டு," என்றார். பிறகு அரசியைப் பார்த்தார். "கட்டு நல்ல இறுக்கம் பிள்ளை. இனி என்ர கராஜுக்கு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இரு."

எந்த ஈர்க்கு மைனருடையது என்று அவருக்கும் தெரியாது. எல்லாம் ஒரே கத்தி, ஒரே வெட்டு. ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறதைத் தவிர வழியில்லை. வீட்டுத்தண்ணி இனிக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் எட்டு மீன்பிடிகாரரின் கையும் பம்பரில்தான் இருந்தது, அவர்கள் இன்றைக்கு விடுகிற எண்ணத்தில் இல்லை என்பது முதுகிலேயே தெரிந்தது. அவிழ்த்த விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டு மைனரைத் தோத்திரத்தின் கராஜுக்குத் தள்ளினார்கள். மாஸ்ரர் தடுத்த பிறகு முதல் தடவையாக ஜாக்கி வைக்கப்பட்டது. வயல் முனையில் மாஸ்ரர் தன் வெள்ளிச் செம்போடு தன் கிணற்றடியில் நின்றார். கடல் முனையில் அம்பிகை தன் கிணற்றடியில் நின்றாள். இடையில் தெரு நீளத்துக்கு, கூப்பிடு தூரத்துக்கு ஒருவராக ஊர் நின்றது.

தோத்திரம் ஓர் ஈர்க்கை மட்காட்டுக்குக் கீழே ஊன்றுவார், மூக்கை அதன் நுனி தொடும் மட்டும் உயர்த்துவார், ஊர் அதற்கேற்பச் சாயும், இரண்டு முனையிலும் தண்ணீர் அள்ளி நாக்கில் வைப்பார்கள், சொல் வரும். வடக்கேயிருந்து 'உப்பு' என்று ஒரு சொல் புறப்பட்டால், மீன்காரி அதைக் கூடை விற்கிற குரலில் "உப்பேய்!" என்பாள், சங்கக்கடை மனேச்சர் "உப்பு என்று அறியத்தருகிறேன்" என்பார், ஐயர் அதை மந்திரத்தின் வாலில் கட்டி இழுப்பார், கரம் பெடியள் ஐயரைப் போலவே இழுத்துச் சொல்லி அவரிடம் அடி வாங்குவார்கள், அப்படி ஒரு வாயிலிருந்து ஒரு வாய்க்கு மாறி மாறி மாறி அது தோத்திரத்தின் காதில் வந்து விழும். தெற்கேயிருந்து "கரிக்கிறது!" என்று மாஸ்ரரின் சொல் வரும். ஒரு ஈர்க்குக்கு வயலில் கடல்தண்ணி கசிந்தது. "இது சங்கக்கடை லொறி," என்று தோத்திரம் அதை அப்பால் வைத்தார். ஒன்றுக்குக் கடற்கரையில் வள்ளங்கள் தரையில் முட்டின. "இது டொக்குத்தரின்ர கார், அவர் வெளிநாடு போயிட்டார்." ஊர் அன்றைக்கு இருபத்தாறு தரம் இருபத்தாறு ஊராக நின்று பார்த்தது.

இருபத்தேழாவது ஈர்க்குக்கு ஒரு சத்தமும் வரவில்லை. கரம் காய் கிடந்த இடத்தில் கிடந்தது. தீபத்தட்டு நின்ற இடத்தில் நின்றது. பிறகு தெற்கேயிருந்து மாஸ்ரர், தமிழை மறந்து, "சரி! சரியடாப்பா! இதுதான் பழைய தண்ணி!" என்று கத்தினார். அது தெருநீளத்துக்கு ஓடி, கடல் முனையில் மீன்பிடிகாரர் ஒருவரை ஒருவர் தூக்கினார்கள். மேலூரும் கீழூரும் நடுத்தெருவில் கட்டிப்பிடித்தன. தோத்திரம் ஈர்க்கை முத்தமிட்டுக் காதில் செருகிக்கொண்டார்.

அம்பிகையின் சொல் மட்டும் வரவில்லை. அவளே வந்தாள். செம்பைக் கையால் மூடிக்கொண்டு அரை மைல் நடந்து வந்து கராஜில் நின்ற அக்காவிடம் நீட்டினாள். "குடி."

அரசி குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். "இன்னும் உப்படி. தோத்திரம் அண்ணை, இது சரியில்லை, இன்னும் உப்புக் கிடக்கு!"

"சரியாத்தான் இருக்கு," என்றாள் அம்பிகை. "இதுதான் எங்கட பழைய தண்ணி."

"விசர்க் கதை கதைக்காதை. முப்பது வருசமா நான் உன்ர வீட்டில தண்ணி குடிக்கிறன்."

"நீ குடிச்சது தேசிக்காய்த் தண்ணி அக்கா. தேத்தண்ணி. சர்பத்து. வெறுந்தண்ணி எப்ப குடிச்சனீ?"

அரசி தெருவைப் பார்த்தாள். கடல்பக்கத்துச் சனம் எல்லாம் எங்கேயோ பார்த்தது. ஒரு மீன்காரி கூடையைச் சரி செய்தாள். அவர்கள் வீடுகளில் எல்லாம் விருந்தாளிக்கு வெறுந்தண்ணி கொடுக்காத உபசாரம் ஒவ்வொரு வீடாக அவளுக்கு நினைவு வந்தது.

"ஏன்டி சொல்லேல்லை?"

"நீ ஏன் விளக்குமாத்தைச் சொல்லேல்லை?"

மாஸ்ரர் இதற்குள் வந்து சேர்ந்திருந்தார், இழந்த தமிழைத் திரும்ப உடுத்திக்கொண்டு. "நல்லது. அளவு கிடைத்துவிட்டது. இனிப் பல்லைப் பூட்டலாம்."

"தோத்திரம் அண்ணை," என்றாள் அரசி. "இன்னும் ஒரு பல்லு ஏத்துங்கோ."

"அளவு இதுதான் பிள்ளை. என்ர காதில கிடக்கு."

"அந்த அளவு பிழை."

"அப்ப அளவில்லாமல் நான்..."

அரசி அவிழ்ந்து கிடந்த விளக்குமாற்றிலிருந்து நீளமான ஒரு ஈர்க்கை உருவினாள். "அளவு புதுசா வெட்டுங்கோ. இவள் தன்ர கிணத்தில குடிக்கட்டும், நான் என்ர கிணத்தில குடிக்கிறன். எங்கட ரெண்டு பேற்ற வாயும் ஒரேமாதிரிக் கோணுற இடத்தில வெட்டுங்கோ."

"இதனை நான் அனுமதிக்க இயலாது!" என்றார் மாஸ்ரர். "எமது கிணறுகள் என்றுமே கரித்ததில்லை. இது அநீதி. கூட்டம் கூட்டித் தீர்மானம்..."

"கார் என்ர, மாஸ்ரர்."

கராஜில் அதற்குப் பிறகு ஸ்பானர் சத்தம் மட்டும் கேட்டது.

மூக்கு நிமிர்ந்த மைனர் இப்போது முகர்ந்து பார்க்கிற எருமை மாதிரி நிற்கிறது. துவாரகன் வீடியோவில் கண்டுவிட்டு, "பெரியம்மா, வட் இஸ் திஸ், கார் வானத்தைப் பாக்குது!" என்று சிரித்தான். வயல்பக்கத்தில் அரசிக்கு ஹயர் கொடுப்பதை நிறுத்தினார்கள். யாரோ கார்க்கதவில் ஆணியால் 'உப்பு' என்று கீறிவிட்டுப் போனார்கள். சவர்க்காரம் இரு முனையிலும் ஒரே அளவு சோம்பேறித்தனமாக நுரைத்தது. மேலூர், கீழூர் என்ற பெயர்கள் மட்டும் போகவில்லை. பழைய சரிவு போன பிறகும் சூரியர் மாஸ்ரர் அவற்றைக் கடிதத் தலைப்பில் வைத்திருக்கிறார். தோத்திரம் புது ஈர்க்கைக் கூரையில் செருகவில்லை. தன் கட்டிலுக்குக் கீழே வைத்து அதன்மேல் படுக்கிறார்.

ஒன்பதாம் திகதி அரசி தங்கச்சி வீட்டுப் பக்கம் போகவில்லை. போவதற்கு முகமும் இல்லை. பத்தாம் திகதி காலை ஏழு மணிக்கு அவள் கிணற்றடியில் நிற்கும்போது கேற்றுத் திறந்தது. அம்பிகை. கையில் பெட்டி இல்லை. வெறுங்காலில், மூச்சிரைக்காமல், ஏற்றமில்லாத தெருவால் நடந்து வந்திருந்தாள்.

அரசி குசினிக்குள் போய்ச் சீனிப்போத்தலைக் கையில் எடுத்தாள். திரும்ப வைத்தாள். வாளியிலிருந்து ஒரு செம்பு வெறுந்தண்ணி கோலிக்கொண்டு வந்து நீட்டினாள்.

அம்பிகை அண்ணாந்து, ஒரே மூச்சில், அடிமட்டும் குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்தாள். வாய் கொஞ்சம் கோணியது.

"உப்பு," என்றாள்.

"ஓம்," என்றாள் அரசி.

செம்பைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு அம்பிகை வளவைச் சுற்றிப் பார்த்தாள். வேலியோரம், மாட்டுக் கொட்டில், கோடிப்பக்கம் எல்லாம். "எங்க அது? திரும்பக் கட்டி வைச்சிட்டியோ?"

"எது?"

"விளக்குமாறு. அதைத் தா. எனக்கு முற்றம் கூட்ட வேணும்."